கொடிக்குக் காற்று ஆகாது

"தாத்தா, ஜன்னலை மூடினா செடிக்கு மூச்சு முட்டாதா?" என்று, இரண்டு நாள் வந்திருந்த என் பெண் வயிற்றுப் பேத்தி ஸுப்ரஜா கேட்டாள். நல்ல கேள்வி. அந்தக் கொடிக்குப் புழுக்கம்தான் உயிர். திருப்பதியின் காய்ந்த காற்று பட்டால் மொட்டு உதிர்ந்துவிடும் என்று பொறுமையாக விளக்கினேன்.

நியூஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகன் ஸ்ரீனிவாஸ், லீவில் வந்தபோது பெங்களூரில் தேடி வாங்கிவந்த கொடி அது. மழைக்காட்டுச் செடி, தொட்டியிலிருந்து தரைவரை தொங்கும். "இது பூக்கட்டும்ப்பா, இங்கேயே வந்துடறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். ஆனால், சமைத்த தளிகையைப் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணும் வேளையில், பூஜையறையில் சந்நிதி முன் நின்று சொன்னான். எங்கள் அகத்தில் அப்படிச் சொன்ன வார்த்தை விளையாட்டாகாது.

கொடிக்கு வேண்டிய வெளிச்சம் கிழக்கு அறையில்தான், அங்கேயே மாட்டினேன். என் மனைவி வரலக்ஷ்மியின் கட்டிலும் அங்கேதான். நடக்க முடியாதவளுக்குக் குளியலறை ஒட்டியிருக்க வேண்டுமே. அவளுக்கு இளைப்பு. ஈரம் ஆகாது, காற்றோட்டம் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜன்னலை மூடி, ஃபேனை நிறுத்தி, ஈரத்துணிகளைத் தொங்கவிட்டேன். அவளுக்கு வேளாவேளைக்கு வெந்நீர் கொடுத்தேன், நெற்றியைத் துடைத்துவிட்டேன். சின்னக் கைங்கரியங்களில்தான் பெருமாள் இருக்கிறான் என்று நம்புகிறவன் நான்.

"இந்த வயசுல எனக்கொரு சக்களத்தியா, ஏன்னா?" என்று முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்க மூச்சு இல்லை.

வேலைக்கு வரும் லட்சுமம்மா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சாமி, அம்மா மூச்சு வாங்கிக்கினு கீறாங்க. அந்தக் கொடிய என்னா, ஆக்கித் துன்னப் போறீங்களா?" மடி, தீட்டுப் படக்கூடாது என்று சொல்லி அவளை உள்ளே விடாமல் நிறுத்தினேன். காபி கொடுத்துத்தான் அனுப்பினேன்.

சித்திரையில் ஒரு மத்தியானம் முதல் மொட்டுக்கொத்து தெரிந்தது. அன்றே வரலக்ஷ்மிக்கு மூச்சுத் திணறியது. "ஏன்னா, ஜன்னல்" என்றாள். தாழ்ப்பாளில் கை வைத்தேன். வெளியே அனல்காற்று. கையை எடுத்துக்கொண்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து திருநாமம் சொன்னேன். அவள் கண் ஜன்னலிலேயே இருந்தது. மூச்சு அடங்கும்வரை நான் திறக்கவில்லை. டாக்டரையும் கூப்பிடவில்லை, வந்தால் முதலில் ஜன்னலைத்தான் திறப்பார்.

ஸ்ரீனிவாஸ் வந்தான். கொத்தாகப் பூத்திருந்த கொடியைக் காட்டினேன்.

"ஓ, இது இன்னும் இருக்கா?" என்றான். காரியங்கள் முடிந்த மறுநாள் விமானம் ஏறினான்.

இப்போது அவள் கட்டிலில் நான் படுக்கிறேன், ஜன்னலைச் சாத்திக்கொண்டு. எனக்கும் மூச்சு இழுக்க ஆரம்பித்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, அவளுக்குப் பட்ட கடனை இப்படித் தீர்க்கிறேன்.

அடுத்த பூவுக்கு அவன் நிச்சயம் வந்துவிடுவான்.