பன்னிரண்டு மாடி ஒத்திகை

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயிலேறி என் எதிரே அமர்ந்த தம்பதிக்கு அறுபது வயதிருக்கும்.

"புக்கிட் தீமா மலையில லிப்ட் கிடையாது, தெரியும்ல?" என்றார் மனைவி.

"தெரியும் லா. ஞாயித்துக்கிழமை மலையேறத்தான் தினமும் காலையில நம்ம அடுக்குமாடி ப்ளாக் படியில பழகுறேன். பன்னெண்டு மாடியும் நிக்காம ஏறிடுறேன்."

"நிக்காமலா? நெஞ்சுல ஆபரேஷன் பண்ணிட்டு, ஏழாவது மாடியில உட்கார்ந்து மூச்சு வாங்குறீங்க."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. ஆறாவது மாடியில நான் உட்கார்ந்திருந்தேன்."

கணவர் மனைவியின் முழங்காலில் சுற்றியிருந்த பட்டையைப் பார்த்தார்.

"இந்தக் காலை வச்சுக்கிட்டா?"

"பின்ன, தனியா விடுவேனா?"

கணவர், மனைவியின் மடியிலிருந்த காய்கறிப் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"மலையில ஒரே படியில உட்காருவோம் லா."