முதல் வரிசை மேசை

நல்ல கட்டடம் அமைந்துவிட்டால் கிளை திறக்கும் வேலையில் பாதி முடிந்த மாதிரிதான், ஐயா. இந்த நாட்டில் வந்து இறங்கிய முதல் மாதம் முழுக்கக் கட்டடம் தேடியே கழிந்தது. காலணிக் கம்பெனிக்காரன் செருப்புத் தேய அலைந்தேன் என்றால் சிரிப்பீர்கள். கடைசியில் ஒரு பழைய பாத்திரக் கிடங்கு கிடைத்தது. நீளமான கூடம், தாழ்வான கூரை. முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தனி அறை. அதை எனக்கு வைத்துக்கொண்டேன்.

என் மேசையில் கிடைத்த கடிதத்தைப் பற்றிக் கேட்டீர்கள். வருகிறேன். முறையாகச் சொன்னால்தான் உங்களுக்கும் எழுத வசதி.

இங்கே குடியிருக்கும் ஒருவர் பொறுப்பாளராகக் கையெழுத்துப் போட்டால்தான் வெளிநாட்டுக் கம்பெனி கிளை திறக்கலாம் என்பது உங்கள் சட்டம். ஏதாவது ஆனால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நல்ல சட்டம். என் தங்கையை இந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் கணவர் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து வேலை போனவர். ஊரார் டிக்கெட்டையெல்லாம் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்த மனிதர், நான் நீட்டிய காகிதங்களில் ஒன்றைக்கூடப் புரட்டவில்லை.

"நீங்க சொன்னா சரிதான் மச்சான். எங்க போடணும்னு மட்டும் காட்டுங்க."

பதினேழு இடங்களைக் காட்டினேன். தங்கை காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அண்ணன் வந்த நேரம், இந்த வீட்டுக்கு விடிவு காலம்" என்றாள். எனக்கே கண் கலங்கியது.

இனி பசை. காலணியின் மேல்பாகத்தையும் அடிப்பாகத்தையும் ஒட்டும் பசை சீக்கிரம் காய, அதில் ஒரு திரவம் கலப்போம். எங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் நாட்டில் அதைத் தடை செய்துவிட்டார்கள். அங்கே சிலருக்குக் கால் நடக்க வராமல் போயிற்று. தடை செய்தால் என்ன, பீப்பாய் பீப்பாயாகச் சரக்கு மிச்சம் இருந்தது. இந்த நாட்டில் தடை இல்லை. கிளை பிறந்த கதை அவ்வளவுதான்.

நீங்கள் எடுத்த கடிதம் பீப்பாய்களோடு வந்தது. இரண்டு பக்கம். காற்றோட்டம் வேண்டும், ஒரே ஆளைத் தொடர்ந்து உட்காரவைக்கக் கூடாது, நரம்புகள் செத்துவிடும் என்று எழுதியிருந்தார்கள். அதை உள்ளூர் மொழியில் எழுதிச் சுவரில் ஒட்டுவது என் பொறுப்பு. எழுதினேன். "சிலருக்கு இந்த வாசனை ஒத்துக்கொள்ளாமல் போகலாம்." மொழிபெயர்ப்பில் எல்லாமே கொஞ்சம் மாறத்தான் செய்யும்.

ஜன்னலைத் திறந்தால் தூசி வந்து பசையில் படியும். அதனால் எல்லாவற்றையும் அடைத்து, கூடத்துக்கு ஏசி போட்டுக் கொடுத்தேன். பசைக் கூடத்துக்கு எந்த முதலாளி ஏசி போடுகிறான், சொல்லுங்கள். உள்ளிருந்த காற்றே குளிர்ந்து குளிர்ந்து சுற்றி வந்தது என்பது வேறு விஷயம்.

நான்காவது மாதம் பசை தடவும் பெண்கள் தலைவலி என்று முனக ஆரம்பித்தார்கள். கை வேகத்துக்காக 'சிட்டு' என்று கூப்பிடுவோமே ஒரு பெண்ணை, அவள் கையிலிருந்து தூரிகை அடிக்கடி நழுவியது. இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். தொழிற்சாலை ஆய்வாளர் வரப்போகிறார் என்றும் தகவல் வந்தது. அப்போதுதான் தங்கை ஞாபகம் வந்தது. வீட்டில் சும்மாதானே இருந்தாள். முதல் வரிசையில், வாசலுக்கு நேராக ஒரு மேசை போட்டு அவளை உட்காரவைத்தேன்.

ஆய்வாளர் வந்து மூக்கைச் சுளித்தார். "சார், அது என் கூடப் பிறந்த தங்கச்சி. பொறுப்பாளரோட சம்சாரம். கெடுதல்னா உட்காரவைப்பேனா?" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பெண்களும் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. ஒரு வாரம் போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவளை எழுப்பினால் மற்றவர்களும் எழுந்துவிடுவார்களே. பதினோரு மாதம் உட்கார்ந்தாள்.

"அண்ணே, பாதமெல்லாம் மரத்துப்போகுது."

"உட்கார்ந்தே இருக்கேல்லம்மா. வீட்டுக்கு நடந்து போ, சரியாயிடும்."

நடந்துதான் போனாள். ஒரு நாள் வழியில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது தெரியாமலே வீடு வரை போயிருக்கிறாள். பாதம் கிழிந்து வந்த ரத்தத்தைத் தரையில் பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்ததாம். மறுநாள் முற்றத்தில் நின்று மாப்பிள்ளை இதை என்னிடம் சொன்னார். நான் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, அவளைப் பத்து நிமிடம் தாமதமாக வர அனுமதித்தேன்.

இப்போது அவளோடு சேர்த்துப் பத்தொன்பது பெண்கள் ஆஸ்பத்திரியில். மாப்பிள்ளை உங்கள் காவலில். எல்லாம் எனக்குத் தெரியும், ஐயா, பீப்பாய் வந்த நாளிலிருந்தே. என் அறையை முற்றத்துக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டதும் தெரிந்துதான். எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று அவளைப் பார்க்கப் போனேன். போர்வைக்கு மேலே அவள் கால்கள் இரண்டு குச்சி மாதிரி கிடந்தன.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தப் பசையைப் பத்தி உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சத்தியமா தெரியாதும்மா."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் பலமில்லை. "எனக்குத் தெரியும்ணே. தப்பு இவர் மேலதான். கையெழுத்துப் போடறவர் படிச்சுப் பார்த்திருக்க வேணாமா?" என்று அழுதாள். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

இந்த விவகாரம் முழுவதிலும் நான் சொன்ன ஒரே பொய் அதுதான், ஐயா. அதுவும் அவள் மனசு நோகக் கூடாதே என்பதற்காக.