புதேரி வீடியோ

எங்கள் ஊரில் வெள்ளை வேட்டியைத் துவைத்து வெளியில் காயப்போடுகிற வழக்கம் இல்லை, மேடம். வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிப் போட்டுவிடுவார்கள். நீங்கள் அரியலூருக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்று கான்ஸ்டபிள் சொன்னார், அதனால் சொல்கிறேன். சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிற சாலையில் வீடு இருந்தால், சோற்றுச் சட்டியின் மூடியைத் துடைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பழகிவிட்டது.

என் பெயர் தர்மன். செந்துறை சாலையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, எல்லாவற்றுக்கும் வீடியோ எடுப்பேன். வேலை இல்லாத நாட்களில் 'நம்ம மண்ணு நம்ம காத்து' என்று ஒரு சேனல் நடத்தினேன். அதையொட்டி ஊர்க்காரர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குரூப். இங்கே நடப்பது வெளியே தெரிய வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். கேட்கப்போகிற மற்ற விஷயங்களுக்குப் பிறகு இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் எடுத்ததிலேயே நல்ல வீடியோ அம்சவள்ளியுடையது. புதேரி என்கிற எங்கள் ஏரிக்குக் கீழே அவளுக்குப் பருத்திக்காடு. வீட்டுக்காரர் கலைமணி போர்வெல் போடுகிற வண்டியில் ஆந்திரப் பக்கம் வேலைக்குப் போனால் மாதக்கணக்கில் வர மாட்டார். மகள் வேணி மூன்றாம் வகுப்பு. அம்சவள்ளி ஒரு பருத்தி இலையைப் பறித்து விரலால் தேய்த்துக் காட்டினாள். சாம்பல் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. வெடித்த காய் காலையில் வெள்ளையாகத்தான் இருக்கும், பொழுது சாய்வதற்குள் நிறம் மாறிவிடும், வியாபாரி அதற்கு ஒரு விலை சொல்லுவான் என்றாள். வேணிக்கு வீசிங், மூச்சு இழுப்பு. பள்ளிக்கூடத்தில் ஓடி விளையாட விட மாட்டார்களாம். நான் காமிராவை அந்தப் பக்கம் திருப்பினேன். அவள் வெட்கப்படாமல் பேசினாள்.

"நெஞ்சுக்குள்ள பூனக்குட்டி கத்துது மாமா. அம்மா என்னய நிமித்தி உக்கார வச்சிருக்கும். நான் தூங்குனா பூனக்குட்டியும் தூங்கிரும்."

அந்த வீடியோவை யாரும் பார்க்கவில்லை. அதாவது, ஒரு தெருவில் இருப்பவர்கள் அளவுக்குத்தான் பார்த்தார்கள். ஒருவர் கும்பிடு போட்டிருந்தார். ஒருவர் இது எந்தக் காமிரா என்று கேட்டிருந்தார். இன்னொருவர், சிமெண்ட் ஆலை இல்லாவிட்டால் உங்க ஊர்ப் பசங்களுக்கு யார் வேலை கொடுப்பது என்று எழுதியிருந்தார். எங்கள் குரூப்பிலேயே அதற்குக் கீழே அடுத்த நிமிடம் காலை வணக்கப் படம் வந்து விழுந்தது. நான் கோபப்படவில்லை. யோசித்துப் பார்த்தேன். புழுதி வீடியோவில் தெரிவதில்லை. இழுப்பும் தெரிவதில்லை. மெல்ல மெல்ல நடக்கிற எதுவுமே தெரிவதில்லை. நான் தொழில்காரன், அது எனக்குப் புரிந்தது.

கொஞ்ச நாளில் வேறு ஏதோ மாவட்டத்தில் ஆற்றில் மீன் செத்து மிதக்கிற வீடியோ ஒன்று வந்தது. நம் ஜனங்களே அதை ஒருவருக்கொருவர் அனுப்பி மாய்ந்து போனார்கள். நூறு நாள் வேலையில் யாரோ அதை அம்சவள்ளியிடம் காட்டியிருக்கிறார்கள். வழியில் என்னைப் பார்த்தபோது, "அந்த மீனுங்களப் பாத்தீங்களாண்ணே, பாவமா இருந்துச்சு" என்றாள். தன் மகளைப் பற்றிய வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அவள் ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. மீனுக்காகக் கண் கலங்கினாள். அந்த இடத்தில் நின்றபடிதான் எனக்கு யோசனை வந்தது.

அய்யனார் கோயிலில் கிடா வெட்டு நடந்த ஞாயிற்றுக்கிழமை. ஊர் முழுக்கப் பந்தலில் இருந்தது. நல்ல உச்சி வெயில். ஏரியில் தண்ணீர் குறைவு. அது எனக்கு வசதியாக இருந்தது. ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஊறுகிற தண்ணீரை மோட்டார் போட்டு இறைத்து விடுகிற வாய்க்கால் ஏரியில் வந்து சேரும் இடம் ஒன்று உண்டு. அங்கே வைத்துத்தான் கலந்தேன். பருத்திக்கு அடிக்கிற மருந்துதான். எங்கள் பக்கம் அது கிடைப்பதற்குக் கஷ்டப்பட வேண்டியதில்லை.

ஜிலேபிக் கெண்டைதான் முதலில் மேலே வந்தது. பிறகு மற்றவை. வாயைத் தண்ணீருக்கு மேலே தூக்கித் தூக்கிச் சுற்றி வந்தன. மூச்சுக்குத் தவிப்பதை இவ்வளவு தெளிவாகப் படம் பிடிக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வாய்க்காலில் தொடங்கி, காமிராவை மெதுவாகத் திருப்பி, ஏரியில் கொண்டுவந்து நிறுத்தினேன். வாய்க்கால்தான் காரணம் என்று நான் எங்கேயும் பேசவில்லை. பார்த்தவர்களே புரிந்துகொண்டார்கள்.

சாயங்காலத்துக்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. மறுநாள் டிவிக்காரர்கள் வந்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள். ஜனங்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். வருஷக்கணக்காக மனுக் கொடுத்தும் நடக்காதது அன்றைக்கு நடந்தது. லாரிகளுக்குத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள், சாலைக்குத் தண்ணீர் தெளித்தார்கள். சில நாட்கள் எங்கள் தெருவில் துணி வெளியில் காய்ந்தது. நான் அதையும் வீடியோ எடுத்தேன். இதைச் சொல்லும்போது என் முகத்தில் ஏதாவது தெரிந்தால் மன்னியுங்கள். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதுதான் இப்போது எனக்கு ரொம்ப அசிங்கமாக இருக்கிறது.

குஞ்சம்மாளின் ஆடுகள் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் செத்துப்போனதை நான் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு அந்த ஆடுகளை விட்டால் வேறு எதுவும் கிடையாது. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிச் சொல்லி அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து மைக் பிடித்தேன். அதையும் நிறையப் பேர் பார்த்தார்கள்.

பிறகு தண்ணீர்ப் பரிசோதனை முடிவு வந்தது. ஆலைக் கழிவு இல்லை, பருத்தி மருந்து என்று. ஆலைக்காரர்கள் அதைப் பெரிய பேனராக அடித்துச் சாலையில் கட்டினார்கள். தார்ப்பாய்கள் காணாமல் போயின. முந்தின வாரம் ஆலையைத் திட்டிய அதே ஆட்கள், அதே வேகத்தில், புழுதி என்று புலம்புவதெல்லாம் நாடகம் என்று எழுதத் தொடங்கினார்கள். என்னையும் கேட்டார்கள். முதலில் பார்த்தது நீதானே, அந்த வெயிலில் அங்கே உனக்கு என்ன வேலை என்று.

அன்றைக்கே நான் இங்கே வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர்கள் கேட்ட கேள்வியை எடுத்து நானே சேனலில் கேட்டேன். 'புதேரிக்கு விஷம் வைத்தது யார்?' என்று போட்டு, பின்னால் ஒரு மோட்டார் ஷெட்டின் படத்தை வைத்தேன். பெயர் எழுதவில்லை. ஒரு ஷெட்டின் படத்தைப் போடுவதில் என்ன தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது அம்சவள்ளியின் ஷெட். ஏரிக்கு ஆக அருகில் இருக்கிற காடு அவளுடையதுதான். பெயரைக் கண்டுபிடித்து எழுதுவதற்கு ஜனங்களுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

உங்களுக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டர் அங்கே போனபோது மருந்து டின்கள் காலியாக இருந்தன. புது டின்கள், இன்னும் அடிக்கவே இல்லை, எப்படிக் காலியாயின என்று தெரியவில்லை என்று அவள் சொன்னாள். யாரும் நம்பவில்லை. அவள் சொன்னது சரிதான். ஷெட் சாவி வாசல் நிலைக்கு மேலே இருக்கும். வெயிலில் அலையாதீங்கண்ணே, உள்ளே உட்கார்ந்து வேலை பாருங்க என்று, பருத்தி வீடியோ எடுத்த அன்றைக்கு அவள்தான் எனக்கு அதைக் காட்டினாள். மருந்தை ஊற்றி முடித்ததும் டின்களைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே வைத்தேன். அவளை மாட்டிவிட வேண்டும் என்று வைக்கவில்லை. வேறு எங்கே போடுவது என்று தெரியவில்லை.

வழக்குப் போட்டார்கள். ஜாமீனில் வந்தாள். ஊர் அவளோடு பேச்சை நிறுத்தியது. கடையில் சாமான் தீர்ந்துவிட்டது என்றார்கள். வேணியின் பக்கத்தில் பிள்ளைகளை உட்கார விடவில்லை. கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை, மேடம். எல்லாம் குரூப்பிலேயே முடிந்துவிட்டது. நான்தான் அட்மின். ஒரு எழுத்தையும் நான் அழிக்கவில்லை. எல்லாரும் கருத்துச் சொல்கிற இடத்தில் நாம் குறுக்கே நிற்கக் கூடாது என்று அப்போது ஒரு கொள்கை வைத்திருந்தேன்.

ஒரு நாள் பொழுது சாய்கிற நேரத்தில் 'புதேரியை மீட்போம்' என்று லைவ் போய்க்கொண்டிருந்தது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். போனில் அம்சவள்ளியின் பெயர் வந்தது. எடுத்தால் லைவ் நின்றுவிடும். துண்டித்தேன். திரும்ப வந்தது. துண்டித்தேன். அதற்குப் பிறகும் வந்தபோது அந்த நம்பரையே தடுத்துவைத்தேன். முடிந்ததும் கூப்பிடலாம் என்றுதான் இருந்தேன். லைவ் நன்றாகப் போனதில் மறந்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் வேணிக்கு மூச்சு இழுத்திருக்கிறது. அம்சவள்ளி ஆட்டோ ஓட்டுகிற தமிழரசனைக் கூப்பிட்டிருக்கிறாள். டயர் பஞ்சர் என்று அவன் சொல்லியிருக்கிறான். பஞ்சர் இல்லை. அவனும் எங்கள் குரூப்தான்; பிறகு அவனே என்னிடம் வந்து சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பு வழியாகச் சாலைக்கு ஓடியிருக்கிறாள். சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போன ஒரு லாரிதான் நின்றது. டிரைவர் சேலத்துப் பக்கத்து ஆள். அவர் எங்கள் குரூப்பில் இல்லை. அரியலூர் பெரியாஸ்பத்திரி வரைக்கும் எங்கேயும் நிறுத்தாமல் கொண்டுபோயிருக்கிறார். போய்ச் சேரும்போது மூச்சு இல்லை.

என் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்கு பைக்கில் ஐந்து நிமிடம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு நான் துக்கம் விசாரிக்கப் போனேன். கலைமணி ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அம்சவள்ளி எனக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பாள் என்று பயந்துகொண்டே குடித்தேன். கேட்கவில்லை.

"ஊரே வாயத் தொறக்கலன்னாலும் மொத மொதல்ல எங்களுக்காவப் பேசுனது நீங்கதாண்ணே" என்றாள். "நான் அதயெல்லாம் மறக்க மாட்டேன்."

நான் சொம்பைக் கீழே வைத்தேன்.

"அந்த வீடியோவுல அவ பேசுனா இல்ல, பூனக்குட்டி கத்துதுன்னு. அத எனக்குக் குடுங்கண்ணே. எங்ககிட்ட இருக்கறது பட்டன் போனு. போட்டா இருக்கு, அவ கொரலு வேற எதுலயும் இல்ல."

"பாக்கறேன் அம்சு" என்றேன்.

"சின்ன போன்ல வராதுன்னா பரவால்லண்ணே. நான் கடைக்கு வந்து கேட்டுக்கறேன்."

அந்த வீடியோ இல்லை, மேடம். அவள் பெயர் அடிபட ஆரம்பித்த அன்றைக்கே, இவளுக்கும் உனக்கும் என்ன தொடர்பு, முன்னாடியே பேட்டி எடுத்திருக்கிறாயே என்று ஒருவன் கேட்டான். உடனே சேனலில் இருந்து எடுத்துவிட்டேன். கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்தேன். மெமரி கார்டு ஒன்று மிச்சம் இருக்கும் என்ற நம்பிக்கையில் வீட்டுக்குப் போய்த் தேடினேன். இருந்தது. அதில் யாருடைய மகளுக்கோ மஞ்சள் நீராட்டு ஓடியது. பழையதன் மேலேயே பதிவு செய்திருக்கிறேன். முழுவதும் ஓட்டிப் பார்த்தேன், நடுவில் எங்கேயாவது ஒரு துண்டு மிச்சம் இருக்காதா என்று. சந்தனம் பூசுகிறார்கள், தட்டு வரிசை வருகிறது, அத்தைமார்கள் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான் இருந்தது.

அவள் இரண்டு முறை ஸ்டூடியோவுக்கு வந்தாள். நான் உள்ளே இருந்துகொண்டே கடைப் பையனை இல்லை என்று சொல்லச் சொன்னேன். மூன்றாவது முறை அவள் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். பின்பக்கமாக இறங்கி நேராக இங்கே வந்தேன். இன்னமும் அங்கேதான் உட்கார்ந்திருப்பாள் என்று நினைக்கிறேன். உங்களுக்கு முடியுமானால் யாரையாவது அனுப்பி வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள். நான் சொல்ல முடியாது.

எழுதிக்கொள்ளுங்கள். ஏரியில் மருந்து கலந்தது நான். அவள் ஷெட்டிலிருந்து எடுத்ததும் திரும்ப வைத்ததும் நான். அந்தப் படத்தைப் போட்டு ஊரை அவள் மேல் திருப்பிவிட்டது நான். போனைத் துண்டித்தது நான். அந்தப் பிள்ளை பேசினதை அழித்ததும் நான்தான். அவள் மேல் இருக்கிற வழக்கை எடுத்துவிடுங்கள். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

மீன் வீடியோ ஏன் இன்னும் சேனலில் இருக்கிறது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். வருகிற வழியில் பஸ்சில் உட்கார்ந்து அழிக்கத்தான் போனை எடுத்தேன். இப்போதும் ஊர் ஊராக ஆட்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், தண்ணீரைக் காப்பாற்றணும் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை பேருக்கு வருகிற விழிப்புணர்வை நான் எதற்குக் கெடுக்க வேண்டும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.