நாலு தடவை கெட்டிமேளம்

ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு தவில்காரரும் நாதஸ்வரக்காரரும் கல்யாணம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

“தாலி கட்டுறதுக்கு முன்னயே எதுக்குப்பா நாலு தடவ கெட்டிமேளம் கொட்டுன?” என்றார் நாதஸ்வரக்காரர்.

“பொண்ணோட சித்தப்பா கையை ஆட்டிக் கத்திக்கிட்டே வந்தாருண்ணே. மணவறையில அபசகுனமா ஒரு சொல் விழுந்துறக் கூடாதுல்ல? வாய்க்கு நல்லதும் வரும், கெட்டதும் வரும். மேளத்துக்கு நல்லது மட்டுந்தான் வரும்.”

“அவரு என்ன கத்துனாருன்னு தெரியுமா? ‘மேளக்காரங்க காலையிலேருந்து பட்டினி, மொதல்ல அவங்களுக்கு எலை போடுங்க’ன்னு.”

தவில்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திருவரங்குளம் தாண்டியதும் கேட்டார்.

“பசிக்குதுன்னு தவில்ல எப்படிண்ணே வாசிக்கிறது?”

“அதுக்குத்தான்பா அந்த மனுசன் வாயைத் தொறந்தாரு.”