பட்டவள் சொல்ல வேண்டிய வார்த்தை

— கையைத் தூக்கு இவெட், விலாவைக் காட்டு.

— ஐயோ, விடுக்கா! ஒண்ணுமில்லேங்கறேன்ல.

— செவந்து கன்னிப்போயிருக்கு. கத்திச்சண்டைப் போட்டியில ரெமோந்தோட கத்தி ஒடஞ்சப்ப அவ குத்து பட்டதுதானே இது?

— மெதுவாப் பேசு ஆர்லெட்! கதவுக்கு அந்தப் பக்கம் நடுவருங்க நிக்கிறாங்க.

— நிக்கட்டும். நாலு பேரும் பறந்துபோன கத்தி முனையையே பாத்தாங்க. உன் மேல குத்து விழுந்ததை ஒருத்தரும் பாக்கல. நீயாவது ‘பட்டுச்சு, தூஷே’ன்னு சொல்லியிருக்கணும்.

— சொல்லிட்டு? மூணுக்கு மூணுல நிக்குது ஆட்டம். வாயத் தொறந்திருந்தா அவளுக்கு நாலு குத்து ஆகி ஜெயிச்சிருப்பா, கதை முடிஞ்சுது. ரோம் போட்டிக்கு அவ போயிருப்பா, நான் திங்கக்கிழமை பழையபடி சாயப்பட்டறை வேலைக்குப் போயிருப்பேன்.

— அதுக்காக?

— அதுக்காகத்தான்! ஆறு வருஷமா இந்த லியோன் ஊரைத் தாண்டாமக் கெடக்கேன்க்கா. வயிறு எரியுது. பாக்கறது நடுவர் வேலை, அதை நான் எதுக்குச் செய்யணும்?

— அது நடுவரோட வார்த்தையே இல்லடி. அந்தக் காலத்துல பயிற்சிக்கூடத்துல ரெண்டு பேர்தான் நின்னு ஆடுவாங்க. பட்டவன்தான் தூஷேன்னு சொல்லணும். குத்தினவன் சொன்னா திமிரு.

— நெஜக் கத்திச் சண்டையிலயுமா?

— பின்னே? சட்டைக்குள்ள ரத்தம் ஓடறது அவனுக்குத்தானே மொதல்ல தெரியும்!

— இப்ப காப்பிக்கடை வாய்ச்சண்டையில தோத்தவன்கூடத்தான் தூஷேங்கறான். அடுத்த வருஷம் கத்தியில மின்கம்பி மாட்டப் போறாங்களாம், பட்டா தானா மணி அடிக்குமாம். அப்புறம் எவ சொல்லப்போறா?

— இன்னிக்கு மணி இல்லையே.

— உனக்கென்ன! காலையிலேயே தோத்துட்டு ஓரமா உக்காந்துட்ட.

— ஆமா. நானே சொல்லித்தான் தோத்தேன்.

— என்னது? எங்கிட்ட மூச்சே விடல?

— விட என்ன இருக்கு? பட்டுச்சு, சொன்னேன். அப்புறம் கழிவறையில போய் அழுதேன்.

— சனியன் புடிச்ச வார்த்தை! வழிய விடுக்கா. போய்ச் சொல்லித் தொலைக்கிறேன்.

— நில்லு இவெட், எங்க போற?

— ரெமோந்த்! கதவுகிட்ட நீ எப்ப வந்து நின்ன?

— வேற கத்தி எடுக்க வந்தேன். நீங்க பேசினது எல்லாம் காதுல விழுந்துச்சு.

— நல்லதாப் போச்சு. உன் குத்து பட்டுச்சு, நீதான் ஜெயிச்ச. வா, நடுவர்கிட்ட நானே சொல்றேன்.

— வேண்டாம் இவெட், கெஞ்சிக் கேக்குறேன். நீ இந்த ஒண்ணைச் சொன்னா, நீ என்னைக் குத்தி நான் சொல்லாம மறைச்ச ரெண்டை நானும் சொல்லணும்.