அடுத்த ரூமுக்குக் கேக்கணும்

இது வேண்டாம் பாய். தட்டுனா சத்தமே வரலையே. நல்ல சரக்குன்னு சொல்லுதீய, நான் இல்லங்கல. ஆனா எனக்குச் சத்தம் வேணும். அடுத்த ரூமுல இருக்க ஆளுக்குக் கேக்கணும், அம்புட்டுதான். மத்தபடி சின்னதா இருக்கட்டும், வயர் கூடாது, ஹேண்ட்பேக்குல வச்சா வெளிய நீட்டிக்கிட்டு நிக்கக் கூடாது.

எனக்கு இல்ல பாய். என் கையப் பாருங்க, கீபோர்டு தட்டுற கையா இது? வீட்டுல அவளுக்கு, மாரிச்செல்விக்கு. டாக்டர்மாரு பேசி அனுப்புறத ஹெட்போன்ல கேட்டுக் கேட்டு டைப் அடிச்சுக் குடுக்கணும். சென்னைக் கம்பெனி. வேலை வீட்டுலதான், மாசம் ஒருக்கப் பொதிகை ரயில்ல ஏறி ஆபீசுக்குப் போயி தலையக் காட்டிட்டு வரணும். அதான் சின்னதாக் கேக்கேன்.

அது ரொம்பச் சின்னது. அம்புக்குறி நாலும் எங்க? வேற பட்டனச் சேத்து அமுக்கணுமா, அப்ப வேண்டாம். அடிச்சு முடிச்சுட்டுத் திரும்ப மேல போயி ஒவ்வொரு வரியாத் திருத்துவா, அதுக்கு அந்த நாலு பட்டன்லதான் கை கெடக்கும். வலது பக்கத்து நம்பரு இல்லாட்டியும் பரவால்ல, மாத்திரை அளவெல்லாம் மேல் வரிசையிலயே அடிச்சிருவா. எனக்கு எப்படித் தெரியும்னா, பின்னால நின்னு பாத்துருக்கேன். நாலு வருசமா பாத்துருக்கேன்.

இந்தா, இது. இந்த நீலச் சுவிட்ச்ச இன்னொருக்கத் தட்டுங்க. ஆ, இதுல டக்குன்னு விழுகுது பாருங்க. ரயில்ல பக்கத்துல இருக்கவன் கோவிப்பானா? கோவிக்கட்டும். இவ வேலை பாக்கான்னு தெரிஞ்சா, எந்த ஊரு, எங்க போறீங்கன்னு கத பேச வர மாட்டான்ல.

சிரிக்காதீய பாய். நான் சத்திரப்பட்டி ரோட்டுல பேண்டேஜ் துணி தறி செட்டுல சூப்பர்வைசர். பேரு சங்கிலிப்பாண்டி. போன வருசம் உங்ககிட்டதான் மௌசு வாங்கிட்டுப் போனேன், ஞாபகம் இருக்காது. நாப்பது தறி ஓடுது எங்க செட்டுல. நான் வாசல்ல நின்னு டீ குடிச்சுக்கிட்டே சொல்லிருவேன், எந்தத் தறியில நூல் அந்துருக்கு, எவன் பாக்காம போன நோண்டிக்கிட்டு நிக்கான்னு. எல்லாம் காதுதான். இருவது வருசம் அந்தச் சத்தத்துக்குள்ள இருந்தா யாருக்கும் வந்துரும்.

வீட்டுக்கு வந்தா அங்கயும் அந்தக் காது சும்மா இருக்குமா? அவகிட்ட முதல்ல ஒரு பழைய கீபோர்டு இருந்துச்சு, பெரிய பலகை, அழுக்குப் புடிச்சது. டாக்டர் பேச்ச அடிக்கும்போது ஒரே சீரா ஓடும். நடுவுல நின்னு, மறுபடி ஓடும். சரி, வேலை நடக்குன்னு நான் பாட்டுக்கு டிவி பாப்பேன். திடீர்னு சத்தம் மாறும். நாலு தட்டு, நிப்பாட்டுவா. மூணு தட்டு, நிப்பாட்டுவா. பொறவு ஒரு சிரிப்பு வரும். சின்னச் சிரிப்புதான், மூக்குக்குள்ளயே. டாக்டர் சொல்லுத நோவுல சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு பாய்?

கேட்டேன். யாருட்டி அதுன்னு கேட்டேன். ஆபீஸ் குரூப்புன்னா. விமல் சார் ஒரு ஜோக்குப் போட்டாருன்னா. விமலுங்கிறவன் இவளுக்கு மேல இருக்கவன், டீம் லீடரு. போட்டோவுல பாத்தேன். சட்டைய இன் பண்ணிக்கிட்டு, பல்லு அம்புட்டும் தெரியுது. நானும் அன்னைக்குச் சாயங்காலம் எங்க செட்டுல நடந்த ஒண்ணச் சொன்னேன், இம்மானுவேலு பாவு நூலுல வேட்டி மாட்டிக்கிட்டு நின்ன கத. சிரிக்கல. அவருக்கு அடிபட்டுச்சான்னு கேக்கா.

சரி, அது போகட்டும். சித்திரையில சென்னைக்குப் போனா. திரும்பி வரும்போது கையில ஒரு பொட்டி. டீம்லயே வேகமா அடிச்சது இவதானாம், அதுக்குப் பரிசாம். தொறந்தா, நீங்க முதல்ல காட்டுனீயள்ல, அது மாதிரி ஒரு கீபோர்டு. கையகலம். வெள்ளையும் ஊதாவும். உள்ள ஒரு சீட்டு, இங்கிலீசுல. நான் அத மடிச்சுச் சட்டப் பையில வச்சு மறுநா இம்மானுவேலுகிட்டக் காட்டுனேன். எங்களிலேயே வேகமான விரல்களுக்கு, விமல், அப்படின்னு போட்டுருக்குண்ணேன்னான்.

என் பொண்டாட்டி வெரலப் பத்தி அவன் எதுக்குப் பாய் எழுதணும்? பரிசுன்னா மாரிச்செல்விக்குன்னு எழுது, முதல் பரிசுன்னு எழுது. வெரல் எங்கருந்து வந்துச்சு? பொறாமைதான், நான் என்ன இல்லன்னா சொல்லுதேன்? எரிஞ்சுச்சு. அந்தக் கீபோர்டுக்குன்னு ஒரு சின்னப் பிரஷ் வாங்குனா. ஒவ்வொரு பட்டனுக்கும் இடையில விட்டுத் தூசி தட்டுவா, செத்த நேரம் தடவிப் பாப்பா, பொறவு துணி போட்டு மூடுவா. என் டிபன் பாக்ஸ ஒரு நாளு அப்படித் தொடச்சதில்ல. வீட்டுல நாங்க ரெண்டு பேருதான், அந்தச் சனியன் வந்து மூணாச்சு.

அது கூடப் பொறுத்துருப்பேன். சத்தம் போச்சு பாய், அதான் என்னைய முடிச்சுது. கதவு சாத்தியிருக்கும். உள்ள தட்டுதாளா, இல்ல சும்மா இருக்காளா, எவன்கூடவாவது எழுதிக்கிட்டு இருக்காளா, ஒண்ணும் தெரியாது. இடைக்கிடை அந்தச் சிரிப்பு மட்டும் வரும். முன்னால எது எதுக்கு அப்புறம் சிரிப்பு வருதுன்னாவது தெரியும். இப்ப வெறுஞ்சிரிப்பு. டிவிய நிப்பாட்டிட்டு உக்காந்துருப்பேன். கதவுல காது வச்சுக்கூடப் பாத்தேன், வெளிய சொல்ல வெக்கமா இருக்கு.

இல்ல, அவகிட்டக் கேக்கல. கேட்டா என்ன சொல்லுவா, ஆபீஸ்னு சொல்லுவா.

அந்தப் பொட்டியில ஒரு தாள் இருந்துச்சு, படம் போட்டு. இந்தக் கீபோர்ட மூணு மிஷின்ல சேக்கலாம், ஒண்ணு ரெண்டு மூணுன்னு. உங்களுக்குத் தெரியும், எனக்குப் புதுசுல்லா. எங்க செட்டுல மோட்டாரு ஒண்ணு, அதுல பெல்ட்டப் போட்டா நாலு தறியும் ஒண்ணா ஓடும். நான் அந்தக் கணக்குலயே நெனச்சுட்டேன். அவ லேப்டாப்பு ஒண்ணாம் நம்பர்ல இருக்கு, என் போன ரெண்டுல சேத்துட்டா, அவ அடிக்கிறது அங்கயும் வரும், இங்கயும் வரும்னு. ஒரு நேரத்துல ஒண்ணுலதான் விழும்னு தெரியல. சிரிக்காதீயன்னு சொன்னேன்ல.

ஒரு வியாழக்கெழமை எனக்கு லீவு. பதினோரு மணி இருக்கும், அவ குளிக்கப் போனா. நான் போயி ரெண்ட அமுக்கிப் புடிச்சு என் போன்ல சேத்துட்டேன். சேந்துருச்சு. வாசல்ல பைக்கு மேல உக்காந்துக்கிட்டேன். போன்ல தறிச் செட்டு வாட்ஸ்அப் குரூப்பு தொறந்து கெடந்துச்சு, எழுத்து எதுலயாவது வரணும்ல, அதுல வரட்டும்னு அப்படியே வச்சுக்கிட்டேன். மடத்தனம்தான்.

வந்தா, உக்காந்தா. கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. பொறவு வருது பாய். ஒவ்வொரு எழுத்தா, எங் கைக்குள்ள, நான் தொடாமயே. எனக்கு நெஞ்சு அடிக்குது. பாத்தா இங்கிலீசு, என்னன்னு பொறவு இம்மானுவேலு சொல்லித்தான் தெரியும். வயசு அம்பத்திரெண்டு, ஆணு, மூணு நாளா நெஞ்சு வலி, இடது கையி மரத்துப் போவுது. அவ பாட்டுக்கு ஹெட்போன் மாட்டிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு அடிக்கா, லேப்டாப்புல ஒண்ணும் விழலன்னு பாக்கவே இல்ல. என்டரத் தட்டிட்டா. குரூப்புக்குப் போயிருச்சு. நாப்பத்தேழு பேரு இருக்கான் அதுல, மொதலாளியும் இருக்காரு.

ஒரு நிமிசம் ஆகல. இம்மானுவேலு கூப்புடுதான், அண்ணே நெஞ்சு வலியா, அசையாம உக்காருங்க, வண்டி எடுத்துட்டு வாரேன்னு. நான் மெதுவாப் பேசுலேங்கேன், அவன் கத்துதான். மொதலாளி கூப்புடுதாரு. சத்தம் கேட்டு அவ வெளிய வந்துட்டா, ஹெட்போன் கழுத்துல தொங்குது. என் மொகத்தப் பாத்தா. போனப் பாத்தா. அதுல அவ அடிச்ச வரி நிக்குது.

திட்டுவான்னு பாத்தேன். திட்டல. உள்ள போயிட்டா.

நான் பைக்கு மேலயே இருந்தேன். எறங்கிப் போயிருக்கணும், போகல. செத்த நேரம் கழிச்சு மறுபடி எழுத்து வருது. இந்தத் தடவ தெரிஞ்சுதான் அடிக்கா. தமிழ இங்கிலீசு எழுத்துல அடிப்பால்லா, அது மாதிரி. அவ வேகத்துல அடிக்கல. ஒண்ணு அடிச்சு நிப்பாட்டி, ஒண்ணு அடிச்சு நிப்பாட்டி. கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேனேன்னு. அம்புட்டுதான். என்டர் மட்டும் தட்டல.

இந்தா, பாருங்க. இன்னும் இருக்கு. பதினோரு நாளா அந்தக் குரூப்புல நான் ஒண்ணும் எழுதல, எழுதணும்னா இத அழிக்கணும்ல. லீவு சொல்லக்கூட நேராப் போறேன்.

அவளா? அன்னைக்கே மத்தியானம் பஸ் ஏறிட்டா. லேப்டாப்பும் ரெண்டு சேலையும். அந்த விமல் குடுத்தத எடுத்துட்டுப் போகல, டிவி மேல வச்சுட்டுப் போயிட்டா, பிரஷ்ஷோட. அவன் மேல உசுரா இருந்தா விட்டுட்டுப் போவாளா? மாட்டால்ல. நானும் அதத்தான் சொல்லிக்கிடுதேன். ஆனா பாய், காட்டியிருப்பேன்னு எழுதியிருக்காளே, என்னத்தக் காட்டியிருப்பா? அந்த நெனப்பு இப்பயும் போகல. போகும்னு சொன்னா பொய்யி.

ஆமா, அடுத்த ரூமுன்னு சொன்னேன். அடுத்த ரூமு இல்ல. அவ வில்லிபுத்தூர்ல இருக்கா, அம்மா வீட்டுல, மடவார்வளாகத்துப் பக்கம். எதுத்தாப்புல ஒரு டீக்கடை. செட்டு முடிஞ்சதும் பஸ்ஸப் புடிச்சு அங்க போயி உக்காந்துருவேன், தெனமும்தான். ஜன்னல் ஓரத்துல இருந்து வேலை பாக்கா, தலை தெரியும். லேப்டாப்புல இருக்க பட்டனையே தட்டுதா, அது ஒரு சத்தமும் இல்லாதது. நாலாம் நாளு அத்தை என்னையப் பாத்துட்டு ஜன்னல் கதவச் சாத்துனாவ. ஒரு கதவத்தான். இன்னொண்ணு தொறந்துதான் கெடக்கு.

கூப்புடலாம். வந்தா வருவா, வரலைன்னா? வராட்டின்னு ஒண்ணு தெரிஞ்சுட்டா பொறவு நான் டீக்கடைக்கு எதுக்குப் போறது?

இதையே எடுத்துக்கிடுதேன். வில்லிபுத்தூர்க்காரிக்குப் பால்கோவா வாங்கிட்டா போக முடியும்? அத்தை கையில குடுத்துட்டு வந்துருவேன். அந்த மூணு நம்பரும் காலியா இருக்கட்டும், என் போன்ல சேக்க வேண்டாம். இல்ல, நெசமாத்தான் சொல்லுதேன், இந்தாங்க, பேக் பண்ணுத வரைக்கும் போன நீங்களே வச்சுக்கோங்க.

ஒரே ஒரு காரியம் மட்டும் பாய். பொட்டிய மூடாதீய, செத்த இருங்க. நீங்க இங்க உக்காந்து தட்டுங்க, எதையாவது தட்டுங்க, டாக்டர் மாதிரி. நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயி நிக்கேன். அங்க, டீக்கடைக்கு முன்னாலயும் இம்புட்டு அகலம்தான் ரோடு, பஸ்ஸும் இம்புட்டுதான் போகும். கேட்டுச்சுன்னா கையத் தூக்குதேன். பேக் பண்ணிருங்க.