உப்புத் தண்ணியில் அலசிய போன்

– தண்ணியில விழுந்துச்சுன்னுதானே சொன்னீங்க? உள்ள பூரா செவப்பா இருக்கேம்மா.

– சாயத் தண்ணி தம்பி. வீட்டுல சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுறோம். அந்தத் தொட்டியில விழுந்துருச்சு.

– அது சரி, உப்புப் பூத்திருக்கே, அது எப்படி?

– எடுத்ததும் உப்புத் தண்ணியில அலசினேன். சாயம் போட்ட சேலையை அப்படித்தானே அலசுவோம். பழக்கதோசம்.

– போனும் சேலையும் ஒண்ணாம்மா? உப்பு உள்ள பூரா அரிச்சுருமே.

– அப்ப பொழைக்காதா? உள்ளதைச் சொல்லு முகேஷு. எம்பொண்ணு ஸ்வப்னா உசுரே இதுலதான் இருக்கு.

– பதறாதீங்கம்மா. இந்த ஆரப்பாளையத்துல கேட்டுப் பாருங்க, கெணத்துல விழுந்த போனையே பேச வச்சவன் நான். தின்னர் போட்டுத் தேச்சாச்சு, குண்டு பல்பு சூட்டுல காயவும் வச்சாச்சு.

– சார்ஜர் போட்டுப் பாரேன்.

– ஈரத்தோட போட்டா கருகிரும்மா. தொழில் தெரியாதவன்தான் அப்படிச் செய்வான். வேற பேட்டரி போட்டுப் பாப்போம்.

– வேணாம் தம்பி. போதும், விட்டுரு.

– இம்புட்டுத் தூரம் வந்துட்டா விடுறது? ஆமா, வாசல்ல பைக்ல இருந்து உங்க மகன் ஏதோ கேட்டாரே. உங்க சௌராஷ்டிர பாஷையில என்ன சொன்னீங்க?

– இன்னும் காயலன்னேன்.

– இங்க லைட்டே எரியுது, பாருங்க! வந்த மெசேஜெல்லாம் அப்படியே இருக்கு.

– மெதுவாப் பேசு. அவனுக்குக் கேக்கப்போகுது.

– ஏம்மா, அவரு கேட்டா என்ன?

– ஸ்வப்னா ஒருத்தனை விரும்புறா. அவன் யாரு, எந்த ஊருன்னு அம்புட்டும் அதுக்குள்ளதான் இருக்கு. தெரிஞ்சா எம்மகன் சாய்குமார் ரெண்டு பேரையும் உசுரோட விடமாட்டான். தொட்டியில போட்டது நான்தான்ப்பா. உப்புல அலசினதும் தெரிஞ்சேதான். சரி பண்ணியே ஆகணும்னு அவன்தான் இங்க இழுத்துட்டு வந்துட்டான்.

– அம்மா, அவரு எறங்கி வாராரு.

– அவ எனக்கு ஒரே பொண்ணு முகேஷு.

– தள்ளுங்க, அந்த சார்ஜர் ஒயரை எடுக்கணும்.

– என்னப்பா, எம்புட்டு நேரம்? போன் வந்துச்சா இல்லையா?

– மன்னிச்சுக்கங்க சாய்குமாரண்ணே. ஈரம் காயுமுன்ன அவசரப்பட்டு சார்ஜரைச் சொருகிட்டேன், கருகிப்போச்சு. நான் இன்னும் தொழில் சரியாப் படிக்கலண்ணே.